மாணவர் லேப்டாப்புக்கு ஆன்டிவைரஸ்: காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

புது லேப்டாப்புக்குப் பில் போடும்போதே கடைக்காரர் கேட்டுவிடுவார்: "ஆன்டிவைரஸ் போட்டுடலாமா தம்பி?" ஒரு வருட கீ உள்ள சின்ன அட்டை ஒன்று பையோடு சேர்ந்து வந்துவிடும். வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. தனி லைசென்ஸ் கிடையாது, வருடா வருடம் புதுப்பிக்கும் வேலையும் கிடையாது. அந்தக் காசை ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குக்குச் சேர்த்து வையுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் போன்றவை மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. மாணவர்களின் கணினியில் வைரஸ் நுழையும் வழிகளைப் பார்த்தால், ஆன்டிவைரஸே இல்லாத கணினி அரிது. இருந்த ஆன்டிவைரஸை உரிமையாளரே கையால் அணைத்திருப்பார். காசு கொடுத்து வாங்கினாலும் அதையும் அப்படித்தான் அணைக்கப் போகிறார்.

முதல் நாள் வேலை

புது லேப்டாப்பில் மெக்காஃபி அல்லது நார்ட்டன் ட்ரையல் ஏற்கெனவே போட்டிருப்பார்கள். அது ஓடிக்கொண்டிருக்கும் வரை டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். ட்ரையல் முடிந்த பிறகுதான் சிக்கல். வேறொரு ஆன்டிவைரஸ் பொறுப்பில் இருப்பதாக விண்டோஸ் சில நேரம் நம்பிக்கொண்டிருக்கும். அதுவோ அப்டேட் வாங்காமல் "ரினியூ செய்யுங்கள்" என்று மட்டும் கத்திக்கொண்டிருக்கும். எனவே ட்ரையலைத் தொடர்ந்து வைத்திருக்கும் எண்ணம் இல்லையென்றால் முதல் நாளே செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் வழியாகப் போய் அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். சில நேரம் அரைகுறையாகத்தான் போகும். அதற்கென்றே அந்தந்த நிறுவனம் தன் தளத்தில் ஒரு நீக்கும் கருவியை இலவசமாக வைத்திருக்கிறது. அதை ஓட்டினால் மிச்சம் மீதியும் போய்விடும்.

பிறகு ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன் பக்கத்துக்குப் போங்கள். அங்கே மேனேஜ் செட்டிங்ஸ் என்பதை அழுத்தினால் வரிசையாகச் சில சுவிட்சுகள் வரும். ரியல் டைம் புரொடெக்‌ஷன், கிளவுட் டெலிவர்டு புரொடெக்‌ஷன், டேம்பர் புரொடெக்‌ஷன் மூன்றும் ஆன் என்று இருக்க வேண்டும். இவற்றில் டேம்பர் புரொடெக்‌ஷன்தான் பலரும் கண்டுகொள்ளாதது. வேறு ஒரு புரோகிராம் பின்னாலிருந்து டிஃபெண்டரை அணைக்க முயன்றால் அதைத் தடுப்பது இதுதான்.

இன்னொன்று பக்கம் மாறி ஒளிந்திருக்கிறது. ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல் பக்கத்தில், ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷன் செட்டிங்ஸுக்குள், பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங் என்று ஒன்று இருக்கும். வைரஸ் என்று சொல்ல முடியாத, ஆனால் கணினியைக் குப்பையாக்கும் ரகங்களை இது பிடிக்கும்: டூல்பார், "டிரைவர் அப்டேட்டர்", "பிசி கிளீனர்" வகையறா. அதில் உள்ள இரண்டு கட்டங்களையும் டிக் செய்துவிடுங்கள்.

அப்டேட் ஆகிறதா என்று பார்க்க, அதே வைரஸ் பக்கத்தின் கீழே புரொடெக்‌ஷன் அப்டேட்ஸ் என்பதைத் திறந்தால் கடைசியாக வந்த தேதியும் நேரமும் இருக்கும். தெரிந்த வைரஸ்களின் புதிய பட்டியல் தினமும் பலமுறை வெளியாகிறது. அங்கே மூன்று நான்கு நாள் பழைய தேதி இருந்தால் ஏதோ தடை. ஹாஸ்டலில் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்களுக்கு இது அதிகம் நேரும். டேட்டா மிச்சம் பிடிக்க அந்த இணைப்பை மீட்டர்ட் என்று குறித்து வைத்திருப்பார்கள். விண்டோஸ் அப்டேட்டும் அதோடு சேர்ந்து வைரஸ் பட்டியலும் வராமல் நின்றுவிடும். வாரம் ஒருமுறை கல்லூரி வைஃபையில் இணைத்து, செக் ஃபார் அப்டேட்ஸ் என்பதைக் கையால் அழுத்திவிட்டால் போதும்.

உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதிக்க ஆசையா? ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பு இதற்கென்றே ஒரு சோதனைக் கோப்பு வைத்திருக்கிறது. வெறும் 68 எழுத்துகள் கொண்ட ஒற்றை வரி. எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதைக் கண்டதும் குதிக்க வேண்டும் என்று நிறுவனங்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அவர்கள் தளத்திலிருந்து அந்த வரியை எடுத்து நோட்பேடில் ஒட்டி சேவ் செய்யுங்கள். சில நொடிகளில் எச்சரிக்கை வராவிட்டால் மேலே சொன்ன சுவிட்சுகளை இன்னொரு முறை பாருங்கள்.

ஒரு கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் போடுவது பற்றி: போடாதீர்கள். ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும்போது நடுவில் புகுந்து பார்ப்பதுதான் இரண்டின் வேலையும். ஒன்று திறப்பதை மற்றொன்று பரிசோதிக்கும், அது பரிசோதிப்பதை முதலாவது மறுபடி பார்க்கும். 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் வேர்ட் திறக்கவே ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

ஜெராக்ஸ் கடைப் பென்டிரைவ்

ரெக்கார்டு நோட்டு, புராஜெக்ட் ரிப்போர்ட், ஹால் டிக்கெட் என்று எதை பிரின்ட் எடுக்கவும் பென்டிரைவை எடுத்துக்கொண்டு கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே இருப்பது நாள் முழுக்க ஊரார் பென்டிரைவ்களை வாங்கிச் செருகும் ஒரு பழைய கணினி. அதில் ஒரு ஷார்ட்கட் வைரஸ் குடியிருந்தால், செருகிய சில நொடியில் உங்கள் பென்டிரைவுக்கும் ஏறிவிடும்.

அது செய்வது மிக எளிய தந்திரம். உங்கள் ஃபோல்டர்களை அழிப்பதில்லை. அவற்றுக்கு "ஹிடன்", "சிஸ்டம்" என்ற இரண்டு குறிகளைப் போட்டு மறைத்துவிடும். சில வகைகள் எல்லாவற்றையும் பெயரே தெரியாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளி வைக்கும். பிறகு அதே பெயரில், அதே மஞ்சள் ஃபோல்டர் படத்தோடு ஷார்ட்கட்களை உருவாக்கும். வீட்டுக்கு வந்து "புராஜெக்ட்" என்பதை இரட்டைச் சொடுக்குச் சொடுக்கினால், முதலில் வைரஸ் ஸ்கிரிப்ட் ஓடும், அடுத்த கணமே உண்மையான ஃபோல்டரும் திறக்கும். எதிர்பார்த்தது திறந்துவிட்டதால் சந்தேகமே வராது. படத்தின் இடது கீழ் மூலையில் உள்ள சின்ன வளைந்த அம்புக்குறிதான் ஒரே அடையாளம்.

இப்போது டிஃபெண்டர் விழித்துக்கொண்டு அந்த ஷார்ட்கட்களையும் ஸ்கிரிப்டையும் நீக்கும். பென்டிரைவ் காலியாகத் தெரியும். "ஆன்டிவைரஸ் என் புராஜெக்டையே அழித்துவிட்டது" என்ற புலம்பல் பிறப்பது இங்கேதான். பதறிப்போய் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். பென்டிரைவின் பிராப்பர்ட்டீஸில் எவ்வளவு இடம் பயன்பட்டிருக்கிறது என்று பாருங்கள். காலி என்று சொல்லும் டிரைவில் 3 ஜிபி பயன்பாட்டில் இருந்தால், கோப்புகள் உள்ளேயே இருக்கின்றன.

மீட்கும் வரிசை முக்கியம்: முதலில் ஸ்கேன், பிறகுதான் மீட்பு. ஸ்கேன் ஆப்ஷன்ஸில் கஸ்டம் ஸ்கேனைத் தேர்ந்து பென்டிரைவைக் காட்டுங்கள். ஃபுல் ஸ்கேன் கொடுத்தால் பென்டிரைவும் அதில் சேரும் என்று நினைக்க வேண்டாம். டிஃபெண்டரின் வழக்கமான அமைப்பில் ஃபுல் ஸ்கேன் வெளி டிரைவ்களைத் தொடுவதில்லை. சுத்தமான பிறகு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பென்டிரைவின் எழுத்தையும் முக்காற்புள்ளியையும் அடித்து என்டர் தட்டுங்கள். அடுத்த வரியில் ஆட்ரிப் கட்டளை. ஏ, இரண்டு டி, ஆர், ஐ, பி என்று எழுத்துக் கூட்டி அடிக்க வேண்டும். இடைவெளி விட்டு மைனஸ் எஸ், இடைவெளி, மைனஸ் எச், இடைவெளி, மைனஸ் ஆர். மறுபடி இடைவெளி விட்டு நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம். கடைசியாக இடைவெளி விட்டுச் சாய்கோடு எஸ், இடைவெளி, சாய்கோடு டி. முழு வரி இப்படி இருக்கும்: attrib -s -h -r *.* /s /d என்டர் தட்டினால் மறைத்த குறிகள் எல்லாம் நீங்கி ஃபோல்டர்கள் வெளியே வரும். மைனஸ் எஸ் விட்டுப்போனால் வேலை நடக்காது. சிஸ்டம் குறி இருக்கும் வரை ஹிடன் குறியை எடுக்க விண்டோஸ் மறுக்கும். பிராப்பர்ட்டீஸ் பெட்டியில் ஹிடன் கட்டம் மங்கலாக இருந்து டிக்கை எடுக்க விடாததற்கும் அதே காரணம்தான். நடுவில் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற ஃபோல்டருக்கு "அக்சஸ் டினைடு" என்று வந்தால் கண்டுகொள்ள வேண்டாம், அது விண்டோஸ் தனக்காக வைத்திருப்பது.

வராமல் தடுப்பது இன்னும் சுலபம். பிரின்ட் எடுக்க என்றே மிகச் சிறிய பென்டிரைவ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் அன்றைக்கு எடுக்க வேண்டிய பிடிஎஃப் மட்டும் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் திறக்காமலே ஃபார்மேட் செய்துவிடலாம், இழக்க எதுவும் இல்லை. கடையின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் உங்கள் ஜிமெயிலையோ வாட்ஸ்அப் வெப்பையோ கடைக் கணினியில் திறந்து, லாக் அவுட் செய்யாமல் பஸ் பிடிக்க ஓடுவது வைரஸைவிடப் பெரிய வம்பு.

கோப்புப் பெயரின் கடைசியில் அதன் வகையைச் சொல்லும் எக்ஸ்டென்ஷனைக் காட்ட வையுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ். இது அணைந்திருந்தால் "செமஸ்டர் ரிசல்ட்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ" என்ற கோப்பு (இஎக்ஸ்இ என்றால் ஓடும் புரோகிராம்) வெறும் "செமஸ்டர் ரிசல்ட்.பிடிஎஃப்" என்று தெரியும், அடோபி படத்தோடு.

கிராக் கோப்பு ஏன் எப்போதும் பாஸ்வேர்டோடு வருகிறது

சிவில் மாணவருக்கு ஆட்டோகேட், ஈசிஇ மாணவருக்கு மேட்லேப், விஸ்காம் மாணவருக்கு ஃபோட்டோஷாப், பி.காம் மாணவருக்கு டாலி. கிராக், அதாவது காசு கொடுக்காமல் ஓடும்படி பூட்டு உடைத்த பதிப்பு, தேடுவதற்கான காரணம் துறைக்குத் துறை மாறும். வரும் பொட்டலம் மட்டும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு ஜிப் அல்லது ரார் கோப்பு, பாஸ்வேர்டு 1234, கூடவே ஒரு டெக்ஸ்ட் கோப்பு. அதில் முதல் வரியே "இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை அணைக்கவும்".

பாஸ்வேர்டு எதற்கு? உள்ளே இருப்பதை யாரும் திருடிவிடக் கூடாது என்றா? பாஸ்வேர்டைத்தான் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்களே. பாஸ்வேர்டு போட்ட பொட்டலம் என்கிரிப்ட் ஆகி, அதாவது படிக்க முடியாதபடி பூட்டப்பட்டு இருப்பதால் பிரவுசரோ கூகுள் டிரைவோ டிஃபெண்டரோ அதன் உள்ளே பார்க்க முடியாது. டவுன்லோடு ஆகும்போது பிடிபடாமல் இருக்கத்தான் அந்தப் பூட்டு. நீங்களே கையால் திறக்கும் நேரத்தில் ஆன்டிவைரஸ் ஏற்கெனவே அணைந்திருக்கும்.

எல்லா கிராக்கிலும் வைரஸ் இருக்கிறதா என்று வாதம் வரும். இல்லாமலும் இருக்கலாம். ஆனால் "கிராக் என்பதால் தவறாகக் காட்டுகிறது" என்ற ஒரு சமாதானத்தை நம்பிவிட்டால், அதன்பின் டிஃபெண்டர் சொல்லும் எதையும் சரிபார்க்க உங்களிடம் வழி இல்லை.

உள்ளே வருவது பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்று, தகவல் திருடும் ரகம். ரெட்லைன், லும்மா என்பவை பேர்போனவை. திரையில் எதுவும் தெரியாது. ஒரு நிமிடத்துக்குள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். குக்கீ என்பது நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்துவிட்டீர்கள் என்பதற்கான சீட்டு. அதை வேறு கணினியில் வைத்துத் திறந்தால் ஓடிபியே கேட்காது. டூ ஸ்டெப் வைத்திருந்தும் இன்ஸ்டாகிராம் போய்விட்டது என்று சொல்பவர்களின் கதையில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

இரண்டாவது ரகம் ரேன்சம்வேர்: கோப்புகளை என்கிரிப்ட் செய்து பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும். ஸ்டாப் அல்லது டிஜேவியு என்று அழைக்கப்படும் குடும்பம் கிராக், கீஜென் (போலி லைசென்ஸ் கீ உருவாக்கும் கருவி) வழியாகவே பரவிப் பேர் வாங்கியது. கோப்புகளின் பெயருக்குப் பின்னால் புதிதாக நான்கு எழுத்து ஒட்டியிருக்கும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ரீட்மி டெக்ஸ்ட் ஒன்று. அதில் 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி விலை என்று தள்ளுபடி வேறு.

விண்டோஸையும் ஆபீஸையும் "ஆக்டிவேட்" செய்யும் கேஎம்எஸ் கருவிகள் தனி ரகம். அவற்றில் பல ஓடும்போதே டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷன் பட்டியலில் தனக்கென்று ஒரு இடம் எழுதிக்கொள்ளும். அதன்பின் அந்த ஃபோல்டருக்குள் எது வந்தாலும் டிஃபெண்டர் எட்டிப் பார்க்காது. செகண்ட் ஹேண்ட் லேப்டாப், அல்லது சர்வீஸ் கடையில் ஓஎஸ் போட்டு வாங்கிய லேப்டாப் என்றால், இன்றைக்கே மேனேஜ் செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸைத் திறந்து பாருங்கள். நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருக்கக் கூடாது. முழு சி டிரைவையே எழுதி வைத்திருப்பதும் உண்டு. அப்படி இருந்தால் டிஃபெண்டர் பச்சை டிக்கோடு சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். சொந்த லேப்டாப்பில் ஏதாவது ஒரு சுவிட்ச் மங்கலாகி, "உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் இதை நிர்வகிக்கிறார்" என்று வந்தாலும் அதே சந்தேகம் வர வேண்டும்.

கிராக் இல்லாமல் படிப்பு நடக்கும். ஆட்டோகேட் உள்ளிட்ட ஆட்டோடெஸ்க் மென்பொருள்களை மாணவர் என்று நிரூபித்தால் ஒரு வருடத்துக்கு இலவசமாகத் தருகிறார்கள், மறுபடி நிரூபித்துப் புதுப்பிக்கலாம். பல கல்லூரிகளில் மேட்லேப் கேம்பஸ் லைசென்ஸ் இருக்கிறது. துறை லேப் பொறுப்பாளரிடம் கேட்காமலே கிராக் தேடுகிறோம். லைசென்ஸ் இல்லாத இடத்தில், மேட்லேப் போலவே வேலை செய்யும் இலவச மென்பொருளான ஆக்டேவ் பெரும்பாலான லேப் பயிற்சிகளுக்குப் போதும். கல்லூரி மின்னஞ்சல் இருந்தால் வேர்ட், எக்செல் இணையப் பதிப்பு இலவசமாகக் கிடைக்குமா என்று மைக்ரோசாஃப்டின் கல்விப் பக்கத்தில் அடித்துப் பாருங்கள். டாலியில் எஜுகேஷனல் மோடு என்று ஒன்று உண்டு. வவுச்சர் தேதியாக 1, 2, 31 ஆகியவற்றை மட்டுமே ஏற்கும், மற்றபடி பழகுவதற்குப் பெரும்பாலானவை திறந்திருக்கும். ஜிஎஸ்டி எண்ட்ரி பழக அந்த மூன்று தேதி போதாதா?

பிரவுசரில் வருபவை

"உங்கள் மெக்காஃபி காலாவதியாகிவிட்டது, 5 வைரஸ்கள் உள்ளன" என்று திரையின் வலது கீழ் மூலையில் சத்தத்தோடு வருவது ஆன்டிவைரஸ் அல்ல. படம் பார்க்கவோ பிடிஎஃப் எடுக்கவோ போன ஏதோ ஒரு தளத்தில் "அலவ்" என்று அழுத்தியதன் விளைவு. எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் எதுவும் அகப்படாது, ஏனென்றால் கணினியில் எதுவும் இல்லை. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், அனுமதித்த பட்டியலில் பெயர் தெரியாத தளங்களையெல்லாம் நீக்கினால் அன்றோடு நின்றுவிடும்.

இதைவிட ஆபத்தானது ஒன்று 2024 முதல் பரவலாகிவிட்டது. "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்" என்று வழக்கமான கட்டம் வரும். டிக் செய்ததும் மூன்று படிகள் சொல்லும்: விண்டோஸ் பொத்தானோடு ஆர், பிறகு கண்ட்ரோலோடு வி, பிறகு என்டர். நீங்கள் டிக் செய்த அந்தக் கணமே கிளிப்போர்டில் (காப்பி செய்தது தங்கும் இடம்), விண்டோஸை நேரடியாக இயக்கும் ஒரு பவர்ஷெல் கட்டளையை அந்தப் பக்கம் வைத்துவிட்டது. ரன் பெட்டியைத் திறந்து, ஒட்டி, ஓட்டுவது வரை எல்லாவற்றையும் உங்கள் கையாலேயே செய்ய வைக்கிறது. டவுன்லோடு எச்சரிக்கை வருவதற்கு இடமே இல்லை. எந்தக் கேப்ச்சாவும் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது.

நீங்களே எழுதிய புரோகிராமை வைரஸ் என்றால்

சி புரோகிராம் எழுதி கம்பைல் செய்கிறீர்கள். இஎக்ஸ்இ உருவான மறுகணம் காணாமல் போகிறது. டிஃபெண்டரின் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியைத் திறந்தால் "ட்ரோஜன்... வாகடாக்" என்று ஒரு பெயர், கடைசியில் ஆச்சரியக்குறியோடு எம்எல். எம்எல் என்றால் மெஷின் லேர்னிங் கணிப்பு. தெரிந்த வைரஸோடு பொருந்தியதாகச் சொல்லவில்லை, சாயல் இருப்பதாகச் சொல்கிறது. டிஜிட்டல் கையெழுத்து இல்லாத, உலகில் வேறு எந்தக் கணினியிலும் பார்த்திராத, இரண்டு நொடிக்கு முன் பிறந்த இஎக்ஸ்இ அதன் கண்ணுக்குச் சந்தேகம்தான். பைத்தானில் எழுதிப் பைஇன்ஸ்டாலர் கொண்டு ஒரே இஎக்ஸ்இ ஆக்கினால் இன்னும் அதிகம் மாட்டும்; வைரஸ் எழுதுபவர்களும் அதே கருவியைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இங்கே ரியல் டைமை அணைப்பது தவறான வழி. அணைத்தாலும் சிறிது நேரத்தில் தானாக எழுந்துவிடும், மறுபடி அதே கதை. நீங்கள் கம்பைல் செய்யும் ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் எக்ஸ்க்ளூஷனில் சேருங்கள். டவுன்லோட்ஸையோ டெஸ்க்டாப்பையோ சேர்க்கக் கூடாது. அந்த ஃபோல்டருக்குள் வெளியிலிருந்து வந்த எதையும் வைக்கவும் கூடாது.

நண்பர் அனுப்பிய இஎக்ஸ்இ என்றால் கதை வேறு. வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். 650 எம்பி வரை ஏற்கும், எழுபது சொச்சம் எஞ்சின்கள் பார்த்துச் சொல்லும். பெயர் கேள்விப்படாத இரண்டு மூன்று எஞ்சின்கள் மட்டும் "ஜெனரிக்" என்றால் தவறான எச்சரிக்கையாக இருக்கலாம். இருபது முப்பது சொன்னால் நண்பருக்கும் சொல்லிவிடுங்கள். மதிப்பெண் பட்டியல், ஆதார் ஸ்கேன் போன்றவற்றை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள், ஏற்றும் கோப்பு மற்ற ஆய்வாளர்களுக்கும் கிடைக்கும்.

பழைய லேப்டாப்

தமிழ்நாடு அரசு 2011இல் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் அக்காவிடமிருந்து தம்பிக்குக் கை மாறி ஓடிக்கொண்டிருக்கின்றன. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்தது. குரோமும் 2023இல் 109ஆம் பதிப்போடு விண்டோஸ் 7ஐக் கைவிட்டுவிட்டது. ஓட்டை அடைக்கப்படாத ஓஎஸ் மேல் எந்த ஆன்டிவைரஸ் போட்டாலும் பலன் குறைவு. 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியபோது அது புகுந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அப்டேட் கொடுத்திருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். அந்த லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக இலவச ஓஎஸ்களான லினக்ஸ் மிண்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்போ லுபுண்டுவோ போடுவது நல்லது. ஹார்டு டிஸ்க்கை மாற்றி ஒரு எஸ்எஸ்டி போட்டால் வேகமும் கிடைக்கும். அரசு லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்த்து பாஸ் லினக்ஸும் கொடுத்திருந்தார்கள், யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டோம்.

விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் பதிந்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் வரை ஓட்டைகளுக்கான திருத்தங்கள் வரும். டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. பட்டியல் வருகிறது என்பதற்காக ஓஎஸ் பாதுகாப்பாக இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம்.

ஹார்டு டிஸ்க் ஏன்

ரேன்சம்வேர் என்கிரிப்ட் செய்த பிறகு வைரஸை நீக்க முடியும். கோப்புகளைத் திரும்பப் பெறுவது அநேகமாக முடியாது. யூரோபோலும் டச்சுக் காவல்துறையும் சேர்ந்து 2016இல் தொடங்கிய நோ மோர் ரேன்சம் தளத்தில் சில வகைகளுக்கு மட்டும் இலவசத் திறவுகோல்கள் உண்டு. எனவே இறுதியாண்டு புராஜெக்ட் வேறு எங்காவது ஒரு பிரதியாக இருந்தே ஆக வேண்டும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஞாயிறுதோறும் பிரதி எடுத்து உடனே கழற்றி வையுங்கள். செருகியே வைத்தால் அதுவும் சேர்ந்து என்கிரிப்ட் ஆகும். கூகுள் டிரைவின் இலவச 15 ஜிபியில் ரிப்போர்ட்டும் கோடும் தாராளமாக அடங்கும். ஆனால் தானாக ஒத்திசையும்படி வைத்திருந்தால் கெட்டுப்போன கோப்பும் மேலே ஏறும் என்பதால், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

டிஃபெண்டரிலேயே கண்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ் என்று ஒன்று, ரேன்சம்வேர் புரொடெக்‌ஷன் என்ற தலைப்பின் கீழ் அணைந்த நிலையில் இருக்கும். அதை ஆன் செய்தால் டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் நம்பகமான புரோகிராம்கள் மட்டுமே எழுத முடியும். முதல் வாரம் எரிச்சல்தான். கோட் பிளாக்ஸ் சேவ் செய்யாது, கேம் சேவ் ஆகாது. ஒவ்வொன்றாக அலவ் அன் ஆப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே வந்தால் அடங்கிவிடும். புராஜெக்ட் ஆண்டில் அந்த எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மாட்டிவிட்டால்

முதலில் வைஃபையை அணையுங்கள். பிறகு போனை எடுங்கள், லேப்டாப்பை அல்ல. போனிலிருந்து கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, செக்யூரிட்டி பக்கத்தில் உங்கள் சாதனங்கள் பட்டியலில் தெரியாததையெல்லாம் சைன் அவுட் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ், டெலிகிராமில் டிவைசஸ், இன்ஸ்டாகிராமிலும் அப்படியே. மாட்டிய லேப்டாப்பில் உட்கார்ந்து பாஸ்வேர்டு மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் அவர்களுக்கே போகும். நெட்பேங்கிங்கில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்கச் சொல்ல அதுதான் வழி.

லேப்டாப்பை நெட்டோடு இணைப்பது பட்டியலைப் புதுப்பிக்கும் சில நிமிடத்துக்கு மட்டும். பிறகு ஸ்கேன் ஆப்ஷன்ஸில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். சார்ஜரைச் செருகிவிட்டு, திறந்திருக்கும் கோப்புகளை சேவ் செய்துவிட்டுத் தொடங்குங்கள். கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சுமார் கால் மணி நேரம் தேடும். ஓடிக்கொண்டிருக்கும்போது தன்னை மறைத்துக்கொள்ளும் ரகங்கள் இதில்தான் அகப்படும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் பாட் (கணினியை வெளியிலிருந்து இயக்க விடும் வைரஸ்) நீக்கும் கருவிகள் இலவசமாக உண்டு, இரண்டாவது பார்வைக்கு அவற்றையும் ஓட்டலாம்.

தகவல் திருடும் ரகமோ ரேன்சம்வேரோ என்று தெரிந்தால் ஸ்கேனோடு விடாதீர்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, ரீசெட் திஸ் பிசி. ரிமூவ் எவ்ரிதிங் என்பதைத் தேர்ந்து, கிளவுட் டவுன்லோடு கொடுங்கள். 4 ஜிபிக்கு மேல் டேட்டா இழுக்கும், ஹாட்ஸ்பாட்டில் வேண்டாம். ரீசெட் முடிந்து பேக்கப்பிலிருந்து எடுக்கும்போது டாகுமென்ட், படம், சோர்ஸ் கோட் மட்டும் திரும்ப வரட்டும். பழைய டவுன்லோட்ஸ் ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டால், அந்த 1234 ஜிப்பும் கூடவே வந்து உட்கார்ந்திருக்கும்.